பனிமலைக்குக் கிளம்பிய ஓரகத்திகள்

கண்ணாடிக் கடையில் லென்சு தேய்க்கும் மூத்தவளுக்கு இமயமலைப் பைத்தியம் பிடித்திருந்தது. பெரிய சிகரம் ஏறும் பைத்தியம் அல்ல. விடுதிக்கு விடுதி நடந்து, அங்கங்கே கிடைக்கும் டீயையும் சாப்பாட்டையும் படுக்கையையும் நம்பி, பனிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பும் சின்னப் பயணம்தான். கூடாரம் சுமக்க வேண்டாம். ஆனாலும் உயரம் உயரம்தானே, கால் பழக வேண்டும், மூச்சு பழக வேண்டும்.

கூட வருவதாகச் சொன்ன கணவன் முதல் பயிற்சி நடையிலேயே கும்பிடு போட்டுவிட்டான். "எனக்கும் மலைக்கும் ஒத்துவராது தாயே, ஆளை விடு."

வேறு துணை தேடி அவள் தொலைபேசியும் கையுமாக அலைந்தபோது, மாடிப்படியில் துணிக்கூடையோடு நின்ற ஓரகத்தி கேட்டாள். "அக்கா, நான் வரட்டுமா?"

"நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, கீழ்த்தளத்தில் கைக்குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்றே அவளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இத்தனை வருஷம் இருந்தும் இருவருக்கும் பேச்சு "தண்ணி வருதா?", "வருது" என்பதோடு சரி.

புது பூட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க, மூத்தவள் அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தாள். சமையலறையில் டக்டக்கென்று சத்தம் கேட்டால் கணவன், "மிலிட்டரி வந்தாச்சு" என்பான். கடையிலும் அதே பூட்ஸ்தான். லென்சு தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடித்தூள் கரைந்து பால்போல வழியும். அவள் கண்ணுக்கு அது பனியாறாகத் தெரியும். கடைக்காரர் கூப்பிடுவது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல இருக்கும். தூக்கத்திலும் நடந்தாள். கால் தரையில் படாது, மூச்சு வாங்காது, வெள்ளை மட்டும் விரிந்துகொண்டே போகும்.

விடுமுறை நாட்களில் இருவரும் ஊர்க்கோடியில் செல்போன் கோபுரம் நிற்கும் குன்றில் ஏறினார்கள். முதுகுப்பையில் கனத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் இறங்கும்போது முட்டி பிழைக்கும் என்று பயணத்துக்கு ஏற்பாடு செய்த வழிகாட்டி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

கிளம்பும் நாள் நெருங்கிய ஒரு காலையில் குன்றை மூடுபனி மூடியிருந்தது. முதலில் கோபுரம் மறைந்தது, பிறகு மரங்கள், அப்புறம் பாதை. மூத்தவளுக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. இதோ, இதுதான், வந்துவிட்டோம் என்று தோன்றியது. பனியின் ஈரம் கன்னத்தில் ஒட்ட, எங்கே காலை வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டே போனாள். பின்னால் யாரோ "அக்கா" என்றதுபோல இருந்தது. கனவில் யார் கூப்பிட்டால்தான் என்ன?

உச்சியில் கோபுரத்தின் இரும்புக்கால் கையில் சில்லென்று பட்டபோதுதான் தனியாக நிற்கிறோம் என்பது உறைத்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பாட்டில் கனத்தோடு அப்படியே தடதடவென்று இறங்கினாள்.

பாதி வழியில் ஒரு பாறைமேல் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் காலி பாட்டில்கள். முகம் சிவந்திருந்தது.

"இங்கேயே கொட்டிட்டேன்" என்றாள்.

"என்னம்மா ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எத்தனை தடவை கூப்பிட்டேன்! அங்கயும் இப்படித்தான் விட்டுட்டுப் போவீங்களா?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்புத்தான். பனியைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

மூத்தவள் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். பிறகு ஓரகத்தி மெல்லச் சிரித்தாள். "எனக்கு அந்தப் பனியே வேணாம்க்கா. சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லு."

"அந்த விடுதியில போய் உட்காரணும். யாராவது டீ கொண்டுவந்து வைக்கணும். அது சூடா இருக்கும்போதே நான் குடிக்கணும். காப்பகத்துல டீயை எடுத்து வாயில வைக்கிறதுக்குள்ள ஒண்ணு அழும், ஒண்ணு விழும். ஆறின டீதான் எனக்கு எப்பவும். நீங்க மலையைப் பத்திப் பேசும்போதெல்லாம் நான் டம்ளரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மூத்தவள் சிரிக்கவில்லை. தன் கனவு எவ்வளவு பெரியது, அதில் இவளுக்கு நிற்கக்கூட இடம் இல்லாமல் போயிற்றே என்று நினைத்தபோது கண் கரித்தது.

வீட்டுக்கு வந்ததும் வழிகாட்டியை அழைத்தாள். நடு விடுதியில் கூடுதலாக ஒருநாள் தங்க முடியுமா என்று கேட்டாள். "தாராளமா தங்கலாம்மா, உடம்பு உயரத்துக்குப் பழகவும் நல்லது. ஆனா பனிக்குப் பக்கத்துல இருக்கிற உச்சி விடுதிக்குப் போக நேரம் பத்தாது" என்றார் அவர்.

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று மெதுவாக அணைந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனாலும், "பரவாயில்ல, அப்படியே வைங்க" என்றாள்.

"எதுக்குக்கா?" என்று பதறினாள் கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி. "நீங்க மேல போங்க, நான் கீழேயே உட்கார்ந்திருக்கேன்."

"பேசாம இரு. அங்கிருந்து பார்த்தாலே மலை தெரியுமாம். நான் உட்கார்ந்தே பார்த்துக்கிறேன்."

கிளம்பிய காலையில் கொழுந்தன் இரண்டு கையிலும் இரண்டு காப்பகக் குழந்தைகளோடு வாசலில் நின்று திருதிருவென்று விழித்தான். மூத்தவளின் கணவன் மூன்றாவதைத் துரத்திக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்ததும் ஓரகத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரெல்லை தாண்டுவதற்குள் மூத்தவளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கை மரத்தது. மூத்தவள் அசையாமல் உட்கார்ந்து, வழியெல்லாம் வெளுத்துக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தபடியே போனாள்.