ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி

சீனியின் தாடைக்குக் கீழே இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தவன் பாண்டிமுருகன்தான். முயலை மடியில் கிடத்தி முழங்கையால் தடவிக்கொண்டிருந்தபோது எலுமிச்சங்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. மணிக்கட்டுக்குக் கீழே அவனுக்குத் தொடுஉணர்வு கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது உயிரோடு வெளியே வந்த இரண்டு பேரில் அவன் ஒருவன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக மடங்கிவிட்டன. முகத்தில் இடதுபாதி இழுத்துக்கொண்டுவிட்டது.

அவன் மனைவி கற்பகம் வேறொரு ஆலையில் சரவெடி பின்னப் போய்க்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், இருக்கன்குடி ஆடிக் கூட்டத்தில் ஒருவனிடம் வெள்ளை முயல் குட்டி ஒன்றை வாங்கிவந்து மடியில் விட்டாள். வந்த அன்றே அது அவன் கக்கத்துக்குள் புகுந்து தூங்கிவிட்டது. அதற்குச் சீனி என்று பேர் வைத்தவன் அவன்.

கட்டியைக் காட்டச் சிவகாசியில் இருந்த கால்நடை டாக்டரிடம் போனார்கள். அவன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. காத்திருக்கும் ஆட்கள் தன் முகத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வேறெங்கோ பார்ப்பது அவனுக்குப் பழகவே இல்லை. கற்பகம்தான் முயலைத் துணிப்பையில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கிறதாம், முயலுக்குச் சீழ் வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்குமாம், கீறிவிட்டாலும் வடியாதாம் என்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பென்சிலின் ஊசி, அதுவும் மாதக்கணக்கில் போட வேண்டும். டாக்டர் இன்னும் என்னென்னவோ சொல்லியிருந்தார். அதையெல்லாம் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்த இசபெல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியை எப்படிச் செருகுவது என்று அவள்தான் கற்பகத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஊசி போடும் நேரம் பாண்டிமுருகன் முயலை இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். அவனால் ஆனது அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் எலுமிச்சங்காய் சுண்டைக்காயாகச் சுருங்கியது. இன்னும் மூன்று மாதம் போட வேண்டும், நடுவில் விட்டால் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைக் கற்பகம் அவனிடம் சொன்னாள், சந்தோஷமாகவே சொன்னாள்.

செப்டம்பர் முதல் வாரம் வெம்பக்கோட்டையில் இருந்த அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஊசியை இசபெலிடம் ஒப்படைத்துவிட்டுக் கற்பகம் ஓடினாள். இரண்டு நாளில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. இசபெல் ஒரு ஊசி போட்டாள். அடுத்த நாள் அவளுக்கு வேளாங்கண்ணிக்கு ரயில். எப்படியும் மறுநாள் கற்பகம் வந்துவிடுவாள் என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஆனால் விருதுநகரில் வைத்து அம்மாவுக்கு ஆபரேஷன் என்றாகி, கற்பகம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

"சிஸ்டர் ஊசி போட்டாகளா?" என்று அடுத்த ஊசி நாளன்று போனில் கேட்டாள்.

"போட்டாச்சு. நீ அத்தையப் பாரு" என்றான். அங்கே தவித்துக்கொண்டிருப்பவளை இங்கேயும் இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இரண்டு ஊசி தப்பியது. முழங்கையால் தடவிப் பார்த்தான். கட்டி பெருத்துக்கொண்டு வருவதுபோல இருந்தது. தோல் ஒட்டுப் போட்ட சமயத்தில் அவனுக்குக் கொடுத்த கேப்ஸ்யூல் அலமாரியில் ஒரு அட்டை மிச்சமிருந்தது. சீழ் பிடிக்காமல் இருக்கத்தான் அது என்று அப்போது சொல்லியிருந்தார்கள். சீனிக்கும் சீழ்தானே என்று யோசித்தான். சின்ன உடம்பு, கொஞ்சம்போல் கொடுத்தால் போதும்.

அட்டையைப் பல்லால் கிழித்தான். கேப்ஸ்யூலைப் பல்லால் கடித்துத் திறந்தபோது பாதித் தூள் தரையில் கொட்டியது. மீதியை வாழைப்பழத்தில் போட்டு மணிக்கட்டால் பிசைந்தான். அதற்கே ஒருமணி நேரம் ஆனது. சீனி அவன் கையிலிருந்தே அதை நக்கித் தின்றது. வெடிவிபத்துக்கு அப்புறம் அவன் யார் உதவியும் இல்லாமல் இன்னொரு உயிருக்குச் செய்த முதல் காரியம் அது. மூன்று நாள், காலையும் சாயங்காலமும் கொடுத்தான். கற்பகம் வந்ததும் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளைக்கூடச் சேர்த்துவைத்திருந்தான்.

நாலாம் நாள் காலையில் அருகம்புல் வைத்தது வைத்தபடி கிடந்தது. சீனி ஒரு மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னங்கால் எல்லாம் தண்ணியாகக் கழிந்து ஒட்டியிருந்தது. காதில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

மத்தியானம் கற்பகம் வந்து பார்த்துவிட்டு உடனே ஆட்டோ பிடித்தாள். இந்தத் தடவை அவனும் இறங்கினான். உள்ளே பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவன் முயலை நெஞ்சோடு பிடித்தபடி மேஜை வரைக்கும் நடந்தான். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது மறைக்காமல் சொன்னான்.

டாக்டர் கோபப்படவில்லை. "இதுவும் பென்சிலின் வகைதான். முயலுக்கு இத ஊசியாத்தான் போடணும். வாய்வழியாக் குடுத்தா, புல்லச் செரிக்க வைக்கிற நல்ல கிருமியெல்லாம் வயித்துக்குள்ள செத்துரும். அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார் கற்பகத்தைப் பார்த்து.

கற்பகம் தலையை நிமிர்த்தவில்லை. டாக்டர் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார், சூடாக வைத்திருக்கச் சொன்னார், பிழைக்கும் என்று சொல்லவில்லை. மறுநாள் உச்சிவேளையில், அவன் மடியிலேயே பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்து, சீனி அடங்கியது.

கொல்லையில் கற்பகம்தான் குழி வெட்டினாள். அவன் பக்கத்தில் நின்றான். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. "நீங்க மருந்து குடுப்பீகன்னு நெனைக்கவே இல்லைங்க. ஒங்களால முடியும்னு எனக்குத் தோணல."

அவன் குழி மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தான். ஊசி போட்டாயிற்று என்று போனில் சொன்னது பொய் என்றான். தெரியும், ஊசிமருந்து ஒரு தடவைக்கு மேல் குறையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டேன் என்றாள் அவள்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய இசபெல் விஷயம் கேட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேறொரு குட்டி வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

தீபாவளி சீசன், லீவு கிடையாது. கற்பகம் திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் அவனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறாள். எந்த மாத்திரை எதற்கு, எதை எதோடு சேர்க்கக்கூடாது, எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது, ஒன்றையும் விடுவதில்லை. அவனும் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறான். அவள் திரும்பி வரும்வரை எதையும் தொடுவதில்லை.