நல்லெண்ணெய்ப் பாட்டில்

"அக்கா, மருந்து அடிச்ச கையோட சோறு திங்கலாமா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தின்னணும், பொன்னுமணி."

"வாயில படலையே, கையிலதானே பட்டுச்சு?"

"தோல் வழியாவே உள்ள போயிரும்."

"மோரு குடிச்சா எறங்கிருமாமே? எங்க மாமியா சொல்றாக."

"எறங்காது. துணியக் கழட்டிட்டு, சோப்புப் போட்டுத் தண்ணியக் கோரிக் கோரி ஊத்தணும். அப்புறம் வெரசா ஆஸ்பத்திரி. மோர ஒன் மாமியாளுக்கே குடு."

வியாழக்கிழமை கிணற்றடியில் நடந்த இந்தப் பேச்சை, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஞானசெல்வி நூறு முறை நினைத்துவிட்டாள். அத்தனை கேட்ட பொன்னுமணி, மருந்து எதில் வீட்டுக்கு வந்தது என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

போடிக் கடைவீதியில் அவள் கணவன் தானியேலுக்குக் கடை. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பெரிய டின்னில் வந்தது. குரங்கணிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து, எண்ணெய் வாங்குவதுபோல் அளந்து வாங்கிப் போவார்கள். கடையில் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்; கேட்டால் கௌரவக் குறைச்சல். அவர்கள் பெண்டாட்டிகள்தான் பின்வாசல் வழியாக ஞானசெல்வியிடம் வருவார்கள். அவள் பள்ளியிறுதி வரை படித்தவள். டின்னில் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டை அகராதியோடு உட்கார்ந்து படித்திருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷமாகக் கணவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. 'கடைச் சோலி ஒனக்கெதுக்கு' என்பான் என்று தானாகவே நினைத்து, வாயை மூடிக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை பொன்னுமணி தலைவிரிகோலமாக முன்வாசலுக்கே ஓடிவந்தாள். கையில் பாட்டில்.

"அண்ணே, இதுல என்னத்த ஊத்திக் குடுத்தீக? டாக்டரு பேரு கேக்குறாரு!"

அவள் புருஷன் காசிமாயன் நல்லெண்ணெய்ப் பாட்டிலில் மருந்து வாங்கிப் போய், அடுப்படியில் எண்ணெய் வைக்கும் மாடத்திலேயே வைத்திருக்கிறான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பொன்னுமணிக்குச் சளி, வாடை தெரியவில்லை. உள்ளங்கை நிறைய ஊற்றி அவன் உச்சியில் தேய்த்த பிறகுதான் அவன், "என்னடி இந்த நாத்தம்?" என்று கத்தியிருக்கிறான்.

"மோரோட வந்த மாமியாளத் தள்ளிவிட்டுட்டு, நீங்க சொன்ன மாதிரியே குளிப்பாட்டுனேன்க்கா. ஆனாலும் வாந்தி நிக்கல."

"ஒன் கையத் தனியாத் தேச்சுக் கழுவுனியா?"

பொன்னுமணி அப்போதுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

ஞானசெல்வி டின்னிலிருந்த சீட்டைக் கிழித்துத் தானியேலிடம் நீட்டினாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். இவள் பொன்னுமணியைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், கை சிவக்கச் சிவக்கக் கழுவிவிட்டு, அவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சாயங்காலம்தான் கணவனும் மனைவியும் கடைக்குத் திரும்பினார்கள்.

"பேரு தெரிஞ்சதுனாலதான் சரியான ஊசி போட முடிஞ்சுதாம்," என்றான் தானியேல். "பொழைச்சுக்கிட்டான்."

மேசைமேல் திங்கட்கிழமை மருந்து வாங்கிப்போக யாரோ வைத்துவிட்டுப் போன மூன்று காலிப் பாட்டில்கள் இருந்தன. அதில் ஒன்று குழந்தைக்கு இருமல் மருந்து வந்த பாட்டில். அவன் அதைக் கையில் எடுத்தான்.

"எண்ணெய்ப் பாட்டில்னு தெரிஞ்சுதானே செல்வி ஊத்துனேன்?"

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"திங்கக்கிழமையிலருந்து நானும் கடையில உக்கார்றேங்க. எந்தப் பாட்டில்ல போகுது, எங்க வைப்பாகன்னு நான் கேக்காம ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. என்னை உக்கார விடுங்க."