வாசலில் கூப்பிட்ட பெயர்கள்

பள்ளிக்கூடம் மூடி முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆரணியில் பிளேக் வந்த சமயம். தாசில்தார் ஆபீஸ் சேவகன் பள்ளிக் கதவில் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனான். மறுபடி எப்போது திறக்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாத்தியாரம்மா பாக்கியமேரி வருகைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நெசவுத் தெருவுக்குப் போனாள். பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டக் கூடாது என்பது உத்தரவு. தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அதில் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து "உள்ளேன் அம்மா" என்று குரல் வந்தது. ஒரு கோடு போட்டாள். பிறகு ஒரு கணக்குச் சொன்னாள். விடையை மறுநாள் கேட்டாள். மொத்தம் இருபத்தேழு பிள்ளைகள்.

தறியில் உட்கார்ந்துவிட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம். அதற்காகத்தான் தினமும் போனாள். பத்தாம் நாளுக்குப் பிறகு சில குரல்கள் தறிச் சத்தத்தோடு சேர்ந்தே வந்தன.

இரண்டாம் வாரத்தில் சந்தை திறந்தது. சாராயக் கடை மூடவே இல்லை. பட்டு நெய்யும் அருணகிரிக்கு இரண்டு பெண்கள் பள்ளியில் இருந்தார்கள். கிணற்றடியில் அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"இந்த நோய் சாராயக் கடையைப் பாத்தா பயந்துகினு ஓடிடுதா? எம் பொண்ணுங்க சிலேட்டைக் கண்டாத்தான் வருதா?"

சிரித்தார்கள். தாசில்தார் மகனுக்கு மட்டும் தினமும் வீட்டுக்கே வாத்தியார் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு நின்றது.

பள்ளியைத் திறக்கச் சொல்லித் தெருக்காரர்கள் மூன்று முறை தாசில்தார் கச்சேரிக்குப் போனார்கள். முதல் முறை தாசில்தார் போளூர் போயிருந்தார். இரண்டாம் முறை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை உச்சி வெயில் வரை நிற்க வைத்துவிட்டு, மனுவை முத்திரைத் தாளில் எழுதி வரும்படி குமாஸ்தா சொல்லி அனுப்பினார்.

முப்பத்தேழாம் நாள், இன்னும் ஐந்து நாளில் வேலூரிலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. அன்று பிள்ளைகள் வகுப்பில் இல்லாவிட்டால் பள்ளியின் பெயர் சர்க்கார் பட்டியலிலிருந்து நீங்கும். பிறகு அந்தத் தெருவுக்குப் பள்ளி கிடையாது. அருணகிரி பாக்கியமேரியிடம் வந்தான். முப்பத்தைந்து நாளாக ஒரு பிள்ளைகூட விட்டுப்போகவில்லை, எல்லாம் சுகமாக இருப்பதற்கு இந்தப் புத்தகத்தைவிட என்ன சாட்சி வேண்டும் என்றான். பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். கூச்சப்படுகிறாள் என்று அவன் நினைத்தான்.

தெருவின் கடைசியில், கால்வாய் ஓரத்தில், முனியம்மாவின் வீடு. கணவன் செய்யாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தான். அவள் கூலிக்குப் பட்டு நூல் சுற்றினாள். மூத்த பெண் அம்மணிக்கு ஒன்பது வயது. அம்மணியின் குரல் கொஞ்சம் கரகரப்பு. எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். இருபத்திரண்டாம் நாள் அந்த வீட்டிலிருந்து "உள்ளேன் அம்மா" உடனே வந்தது. மெல்லிய குரல். முந்தின நாள் கணக்குக்கு விடை கேட்டாள். பதில் இல்லை. உள்ளே இருந்தது நான்கு வயதுத் தங்கை.

பாக்கியமேரி நகரவில்லை. கதவு ஒரு சாண் திறந்தது. முனியம்மா அவளைப் பார்த்துக் கைகூப்பினாள். அவளுக்குப் பின்னால் தங்கை மட்டும் நின்றாள், அம்மணி எங்கும் இல்லை.

அதற்கு முந்தின வாரம் கண்ணமங்கலம் சாலையில் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் நோய் என்று தானே போய்ச் சொல்லியிருந்தார். சேவகர்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். பாய், துணி, தானியம் எல்லாவற்றையும் எரித்தார்கள். ஐந்து பேரை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

பாக்கியமேரி கோடு போட்டாள். மறுநாளும் போட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலை அந்த மெல்லிய குரலும் வரவில்லை. முனியம்மாவே "உள்ளேன்" என்றாள். பாக்கியமேரி அதற்கும் கோடு போட்டுவிட்டு நடந்தாள்.

அன்று மத்தியானம் நாற்பது பேர் கச்சேரிக்குப் போனார்கள். அருணகிரி வழியில் அவளையும் அழைத்துக்கொண்டான். இந்த முறை தாசில்தார் வெளியே வந்தார். அருணகிரி நிதானமாகப் பேசினான். சந்தையைச் சொன்னான், சாராயக் கடையைச் சொன்னான், மூன்று முறை வந்து போனதைச் சொன்னான். தாசில்தார் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கோடுகளை விரலால் எண்ணினார். களைத்த முகம். கலெக்டரிடமிருந்து தினமும் கடிதம் வருகிறது, தெருவில் நோய் இல்லையென்றால் மூடி வைக்கத் தனக்கும் காரணம் இல்லை என்றார். பிறகு பாக்கியமேரியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல இருக்கிற இருபத்தேழு பேரும் சுகமா இருக்குதா? நீ ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே திறக்கச் சொல்றேன்."

அருணகிரி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கூட்டத்தில் முனியம்மா இல்லை. நாளைக்குத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும். திறக்காவிட்டால் பள்ளி இல்லை.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஒரு வீட்ல நோய்னு வந்து சொன்னா, கூரையில கை வைக்காம, தாயையும் புள்ளையையும் பிரிக்காம, மருந்து குடுப்பீங்களா?"

"அப்படிக் கேளுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

தாசில்தார் புத்தகத்தை மூடினார். "உத்தரவு என் கையில இல்லம்மா."

அருணகிரி அவள் பக்கம் திரும்பினான். அவன் குரல் இறங்கியிருந்தது. "எந்த வீடும்மா?"

அவள் புத்தகத்தை வாங்கி, இருபத்திரண்டாம் நாள் பக்கத்தைத் திறந்து தாசில்தாரிடம் நீட்டினாள்.

"இதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் கடைசிப் பேருக்கு நான் போட்ட கோடு பதினேழும் பொய்ங்க. முனியம்மா வீட்டுச் சின்னப் பொண்ணை டாக்டர் இப்பவே போய்ப் பாக்கணும். அம்மணி செத்துப்போச்சு."