படித்து முடிக்கும்வரை

மார்ச் 12, வியாழன். நேற்று மாலை ஒரு தவறு செய்தேன். ‘அழி’ என்று குறிக்க வேண்டிய இடத்தில் ‘வை’ என்று குறித்துவிட்டேன். காலையில் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இவ்வளவு எழுதியபோது கதவருகே யாரோ வந்து நின்றார். தங்கை, மாலை வகுப்புக்கு வைத்திருந்த நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். வந்தவர் அண்ணனின் மேலாளர். விடியற்காலையில் இறந்த அண்ணன் கூடத்துக் கட்டிலில் கிடந்தான்.

அவர் சற்று நேரம் தலைமாட்டில் நின்றார். பிறகு அவளைச் சமையலறைக்கு அழைத்து, கேட்கக் கூடாத நேரம்தான் என்று தொடங்கினார். வானிலை மையத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு கணிப்பு ஓடும். ஒவ்வொன்றும் கணினியில் மலைமலையாகக் கோப்புகளை எழுதித் தள்ளும். பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம். எதை வைப்பது, எதை அழிப்பது என்று குறிப்பது அண்ணனின் வேலை. ஐந்து மாதமாகப் படுக்கையிலிருந்தே செய்தான். விரல்கள் ஓய்ந்த பிறகு அவன் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். இன்று இடம் நிரம்பிவிட்டது. கடலில் ஒரு புயல் திசை மாறிக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக் கணிப்பு எழுத இடமில்லாமல் நின்றால் துறைமுகத்துக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

“நான்தான் சார் மாத்திப் போட்டேன். அண்ணன் சரியாத்தான் சொன்னாரு.”

“விடும்மா. நான் ஒரு தடவ ஒரு புயலையே அழிச்சிருக்கேன்.”

மடிக்கணினியைத் திறந்து, நேற்று மாற்றிக் குறித்த கோப்பின் தேதியை இரண்டு முறை சரிபார்த்து, ‘அழி’ கொடுத்தாள். மறுத்தது. அந்தக் கோப்பை ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்றது. பெயர், அண்ணனுடையது. இடம், இந்த வீடு. தொடங்கிய நேரம், காலை ஐந்தேகால்.

அவன் கண்களை அண்ணி மூடியது ஐந்து மணிக்கு. அதன் பிறகு மடிக்கணினியை யாரும் தொடவில்லை.

பத்து நாள் கணிப்பின் வரைபடத்தில் இந்த வீடு இருக்கும் ஒரே கட்டம் மட்டும், வரப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரியாக, படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் இருநூற்று நாற்பது வரிகள். இப்போது இருநூற்று இருபத்தேழு படித்தாகிவிட்டது.

“எங்கயோ மாட்டிக்கிட்டு ஓடுது. இப்படி ஆளில்லாம ஓடுறத நாங்க அநாதைன்னு...” வாசலில் அண்ணி நிற்பதைக் கண்டு மேலாளர் நிறுத்தினார். “வலுக்கட்டாயமா மூடிடலாம். கொடும்மா.”

“என்ன படிக்கிறாரு?” என்றாள் அண்ணி.

“இங்க அடிக்கப்போற காத்து, மழை. அடுத்த வாரம் வரைக்கும்.”

அண்ணி திரையையே பார்த்தாள். “படிச்சு முடிக்கட்டும்.”

மணி இரண்டு இருபது. வரிக்கு இரண்டரை நிமிடம், பதின்மூன்று வரி, அழிக்க ஐந்து நிமிடம். கணக்கைச் சந்தேகப்பட்டு மறுபடி போட்டாள். அதற்குள் முடியாவிட்டால் இரண்டு ஐம்பத்தைந்துக்குத் தன் கையாலேயே மூடிவிடுவதாக மேலாளரிடம் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வண்டி வந்துவிட்டதென்று கூடத்திலிருந்து குரல் வந்தது. யாரும் நகரவில்லை.

இருநூற்று முப்பத்தொன்பதில் எண் நின்றது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று. ஐம்பத்துநான்கு. அவள் விரல் விசைமேல் இருந்தது.

அண்ணி குனிந்தாள். “போதுங்க” என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

அவள் விசையை அழுத்தும் முன்பே ‘மூடப்பட்டது’ என்றது திரை.

அழித்தாள். மூன்று மணிக்குக் கணிப்பு எழுதத் தொடங்கியது. மேலாளர் கடிகாரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு நோட்டில் ஒரு வரி சேர்த்தாள்.

நாளை: இறப்புச் சான்றிதழ் இரண்டு நகல் எடுத்து, அண்ணன் கணக்கை மூடச் சொல்லி மையத்தில் கொடுக்க வேண்டும்.