பதினான்காம் நாள்

பதினெண்ணாயிரத்து நானூற்றைம்பது உரூபாய். கல்வராயன் மலைச்சாலையின் ஓரத்தில் தடுப்புச்சுவர் எழுப்புதற்கு, நாளொன்றுக்கு நானூற்றைம்பது வீதம் நாற்பத்தொரு நாள் கல் சுமந்த அமலோற்பவத்திற்கு ஒப்பந்தக்காரன் தங்கமணி தரவேண்டிய தொகை அது. ஆடித் திங்களின் ஒன்பதாம் நாட் காலை. வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் மேகம் இறங்கிப் படுத்து, கடுக்காய் மரங்களின் கொப்புகளை நனைத்து, சாமைக் கொல்லைகளின் பசுமையைக் காட்டுவதும் மறைப்பதுமாய் விளையாட, கீழே கோமுகி அணையின் நீர்ப்பரப்பு பூசி முடித்த ஈரத்தளம் போல் மங்கி ஒளிர, அதற்கும் அப்பால் கரும்பும் மரவள்ளியுமாய்க் கள்ளக்குறிச்சிச் சமவெளி வானத்தின் அடிவரம்பு மட்டும் விரிந்து கிடந்தது.

அவ்வெளியின் ஒரு மூலையில், எலவனாசூர்கோட்டையை அடுத்து, செல்லமுத்து என்னும் உழவரின் அரைக்காணி நிலம் இருந்தது. ஆடி முடிவதற்குள் பதினையாயிரம் கொண்டுவந்தால் ஓராண்டுக் குத்தகைக்கு விடுவதாகவும், தவறினால் காத்திருக்கும் வேறொருவர்க்குக் கொடுத்துவிடுவதாகவும் அவர் சொல்லியிருந்தார். முப்பதாண்டுக் காலம் பிறர் கொல்லையில் களை பறித்தும், பிறர் சுவருக்குக் கல் சுமந்தும், பிறர் விளைச்சலைத் தலையில் ஏற்றி இறக்கியும் தேய்ந்த அமலோற்பவம், ஒரே ஒரு போகமேனும் தன் மரவள்ளியைத் தானே நட்டுத் தானே பிடுங்க வேண்டும் என்னும் ஆசையை எவரிடமும் சொல்லாமல் நெஞ்சில் பொதிந்து வைத்திருந்தாள்.

அன்று காலை அவள் உட்படக் கூலி கேட்டு நின்ற எண்மரிடமும் தங்கமணி முகமலர்ச்சியோடு சொன்னான்:

“பில்லு பாஸாயிடுச்சு யக்கா! டில்லியில கீழ்ச்சபையில பாஸாயி மேல்சபைக்குப் போய்க்கினு இருக்குது. அது வந்த ஒடனே காசு.”

நற்றமிழ் அன்பரே, இவ்விடத்தில் ஒரு சொல்லின் சூதை நீவிர் அறிதல் வேண்டும். செய்த வேலைக்குப் பணம் கேட்டு ஒப்பந்தக்காரன் அலுவலகத்தில் நீட்டும் தாளும் பில்லு. நாட்டின் பேரவையில் சட்டமாகும் பொருட்டு வைக்கப்படும் முன்வரைவும் பில்லு. இரண்டும் ‘பாஸாக’ வேண்டியவையே. நாடாளுமன்றம் கூடியிருந்த நாள்கள் அவை. தேநீர்க்கடைத் தொலைக்காட்சி அச்சொல்லையே ஓயாது முழங்கிக்கொண்டிருந்தது. ஆதலின், தம் கூலித்தாளும் அங்கேதான் போயிருக்கும் என்று எண்மரும் ஐயமின்றி நம்பினர்.

ஆடிப் பதினான்காம் நாள் கேட்டபோது, “மேல்சபை ஒத்துக்கலையாம். ரெண்டு சபையும் ஒண்ணா குந்தி பேசணுமாம்” என்றான். பத்தொன்பதாம் நாள் கேட்டபோது, “சட்டத்தையே திருத்தணுங்கறாங்க யக்கா. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணுமாம். அப்பறம் பாதி மாநிலம் ஒத்துக்கணுமாம். லேசுப்பட்ட வேலையா அது?” என்றான்.

“நாம கட்டின சுவத்துக்கு பாதி மாநிலம் எதுக்கு ஒத்துக்கணும்?” என்று எண்மருள் ஒருத்தியான குஞ்சம்மாள் முணுமுணுத்தாள். அக்கேள்வி அமலோற்பவத்தின் உள்ளத்தில் கல்லிடுக்கு முள்ளாய்த் தைத்தது.

நாற்பத்து நான்காம் அகவையில், முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள் அவள். அடுத்த ஞாயிறன்று பூசை கண்டு திரும்பும் வழியில் ஊர் நூலகத்துட் புகுந்து, நாட்டின் சட்டங்கள் பிறக்கும் முறையைக் கூறும் சிறுநூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாறைமேல் காலூன்றி ஏறுவார் போல ஒவ்வோர் எழுத்தாய்ப் பற்றிப் பற்றிப் படித்தாள். பொதுவான முன்வரைவு எந்த அவையிலும் தொடங்கலாம் என்றும், ஈரவைகளும் முரண்பட்டால் கூட்டு அமர்வு உண்டு என்றும், குடியரசுத் தலைவர் அதனை ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்றும், மீண்டும் நிறைவேறி வந்தால் அவர் ஒப்பம் இட்டே ஆக வேண்டும் என்றும் அறிந்தாள். அரசமைப்பைத் திருத்தும் முன்வரைவுக்கே அந்த மூன்றில் இரு பங்கு. அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொணரும் தனி முன்வரைவுகளும் உண்டு; அவற்றுட் பெரும்பாலன கரை சேர்வதில்லை. பண முன்வரைவோ தனிப்பிறவி.

படித்து முடித்தவள் நூலை மடித்து வைத்துவிட்டுத் தனியே சிரித்தாள்; பின் கண் கலங்கினாள். அத்துணைப் பெரிய மன்றத்திற்குத் தன் தடுப்புச்சுவர் ஒன்று இருப்பதே தெரியாது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. ஆயினும் சண்டைக்குப் போக அவள் மனம் ஒருப்படவில்லை. அவன் கட்டிய கதையின் படியிலேயே ஏறி அவனைச் சென்று காண்பது என்று துணிந்தாள்.

ஆடி இருபத்து மூன்றாம் நாள் காலை, கல் குவித்த இடத்தில் மற்ற எழுவரும் சூழ நிற்க, அவள் மெல்லத் தொடங்கினாள்:

“மேஸ்திரி, ஒரு சந்தேகங்க. நம்ம பில்லு எந்த வகை?”

“இன்னா யக்கா, பில்லுல இன்னா வகை?”

“சாதா பில்லு கீது, சட்டத்தைத் திருத்தற பில்லு கீது, தனி ஆளு கொண்டாற பில்லு கீது, பண பில்லு கீது. நம்மது எது?”

“கூலிக்குத்தான பில்லு? அப்ப பண பில்லுதான்!”

“யோசிச்சு சொல்லுங்க. அப்பறம் மாத்தப்படாது.”

“சத்தியமா பண பில்லேதான்.”

“மாட்டிக்கினாரு!” என்றாள் குஞ்சம்மாள்.

“பண பில்லுன்னா மேல்சபை பதினாலு நாளுக்கு மேல வெச்சுக்க முடியாதுங்க. புடிக்கலைன்னாலும் பதினாலு முடிஞ்சா பாஸான கணக்குதான். ஒம்பதாந்தேதி போச்சுன்னீங்க, இன்னையோட பதினாலு. ரெண்டு சபையும் ஒண்ணா குந்தறது இதுக்குக் கெடையாது. மூணுல ரெண்டு பங்கும் வாணாம்.”

தங்கமணி வேறு வாசல் தேடினான். “குடியரசுத் தலைவர் கையெழுத்து இருக்குதே? அவரு திருப்பி அனுப்பிட்டாருன்னா?”

“மத்த பில்லைத்தான் ஒரு தபா திருப்பி அனுப்பலாம். பண பில்லை அனுப்ப முடியாது. இன்னும் எந்த வாசல் பாக்கி கீது தம்பி, சொல்லு, அங்கயும் போயிப் பாக்கறேன்.”

‘மேஸ்திரி’ என்று அழைத்த வாய் ‘தம்பி’ என்றதும், அடிக்கல் பெயர்ந்த சுவர் போல அவன் அக்கல் குவியலின்மேல் சரிந்து அமர்ந்தான்.

“பில்லு ஆனியிலயே வந்துடுச்சு யக்கா. போன மழையில சரிஞ்ச சுவரை என் கைக்காசுலதான கட்டினேன்? சிமெண்டுக் கடன்காரன் கலவை போடற மிக்சர் மிசினைப் புடிச்சு வெச்சுக்கினான். வந்த காசை அவனுக்குக் கட்டித்தான் மிக்சரை மீட்டேன். ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலை, டிவியில கேட்டதெல்லாம் எடுத்து வுட்டேன். கையில இருவதாயிரம்தான் கீது. மீதிக்கு மிக்சரைத்தான் விக்கணும்.”

எண்மருள் மூத்த கல்தச்சர் லாரன்சே முதலில் வாய் திறந்தார்.

“இருவதாயிரத்தைப் பிரிச்சா ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு. அதை வெச்சி எவனும் மாடி வூடு கட்டப் போறதில்லை. அமலத்துக்கு நெலத்துக் கெடு இந்த மாசத்தோட முடியுதுன்னு செல்லமுத்துவே என்கிட்ட சொன்னாரு. அவ கூலியை மட்டும் மொத்தமா குடுத்துடலாம். நாம மிக்சர் விக்கற வரைக்கும் இருக்கலாம். ஆமாங்கறவங்க ஆமான்னு சொல்லுங்க.”

“எனக்கு மட்டும் வாணாம் அண்ணே,” என்று அமலோற்பவம் பதறினாள்.

“ஒனக்கு ஓட்டு இல்லை, குந்து.”

‘ஆமா’ என்னும் குரல் ஆறு வாயிலிருந்து எழுந்து மலைமுகட்டில் மோதியது. “இல்லைங்கறவங்க?” என்றார் லாரன்ஸ், வழக்கம் முடிப்பதற்காக.

“இல்லை!” என்று கூவினாள் குஞ்சம்மாள்.

எல்லோரும் திகைத்துத் திரும்பினர்.

“இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? அவதான் வாங்கணும், வாங்கிக்கட்டும். டிவியில எப்பவும் யாராச்சும் இல்லைன்னு கத்தறாங்க. அது இல்லாம இன்னா சபை?”

மேகம் விலகியது போல் அனைவரும் நகைத்தனர். தங்கமணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகைத்தான்.

மறுநாள் செல்லமுத்துவின் கையில் குத்தகைப் பணம் சேர்ந்தது. ஆவணி முதல் வாரத்தில் அமலோற்பவம் மரவள்ளிக் கரணை ஊன்றினாள். நாட்டின் சட்டங்கள் ஆயிரம் ஏடுகளில் அச்சாகி அரணாய் நிற்கின்றன. தம் கூலியைத் தள்ளி வைத்து ஒருத்திக்கு வழிவிட்ட அம்மலையோரத்துத் தீர்மானமோ எவ்வேட்டிலும் ஏறவில்லை. எனினும் மீறப்படவும் இல்லை. ஆவணிப் பதினேழாம் நாள் கலவை எந்திரம் விலைபோயிற்று. எழுவரின் கூலியும் ஒருநாளில் தீர்ந்து, குஞ்சம்மாளின் கையில் கடைசித் தாளை எண்ணி வைத்தபோது தங்கமணி எவர்க்கும் எதுவும் தரவேண்டியவனாய் இல்லை. எந்திரமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அடுத்த திங்கள் வேறொருவரின் சுவருக்குக் கல் சுமக்க அவ்வெழுவரும் புறப்பட்டபோது, அமலோற்பவம் விட்டுச்சென்ற எட்டாம் இடத்தில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு அவன் வந்து நின்றான். லாரன்ஸ் சற்று நகர்ந்து இடம் விட்டார்.