கனம் கோர்ட்டாரின் தலைமுடி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வழியனுப்பு விழாப் புகைப்படத்தில். மாலைகளுக்கு நடுவே ஓய்வுபெறும் கீழ்க்கோர்ட்டு நீதிபதி. மாலைகளுக்கு மேலே, எலி கொறித்ததுபோல ஒரு தலை. யார் வெட்டினார்கள்? பதில் தேடப்போய் இத்தனையும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘நீதியின் தராசை ஏந்தி முப்பது ஆண்டுகள்...’ (அடித்துவிட்டேன். அவர் ஏந்தியது டிபன் டப்பா.)

இரண்டாவது: மூன்றாண்டுக்கு ஒரு மாற்றல். எந்த ஊரிலும் யாரோடும் ஒட்டக்கூடாது என்ற வைராக்கியம். கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார், நாளைக்கே மாப்பிள்ளை வீட்டார் வழக்கோடு வந்து நிற்கலாம். அவர் மனம்விட்டுப் பேசியது கடைசி ஊரின் முடிதிருத்துபவரிடம் மட்டும். அதுவும் கண்ணாடியைப் பார்த்து.

3

அந்த முடிதிருத்துபவரின் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட உரிமையாளர் போட்ட வழக்கு இவரிடமே வந்தது.

“நான் அங்கதான் முடி வெட்டிக்கிறேன்” என்று மன்றத்திலேயே சொன்னார்.

“ஊரே அங்கதான் வெட்டிக்குதுங்க. ஆட்சேபணை இல்லை” என்றார்கள் இரு வக்கீல்களும்.

அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்தினார். கத்தரியை மனைவி எடுத்தார்.

“ஆடாதீங்க. ஜட்ஜெல்லாம் கோர்ட்டுல.”

“காது, காது!”

“இருக்கு. ரெண்டும் இருக்கு.”

சாட்சிக் கூண்டில் முடிதிருத்துபவர், கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு நீதிபதியின் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க என்னய்யா பாக்கறே?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“மன்னிக்கணும். ஐயாவுக்கு இடது பக்கம் ஏறி நிக்குது. கை பரபரங்குது.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி [இங்கே ஒரு கண்ணீர்த்துளி வைத்திருந்தேன், துடைத்துவிட்டேன்] அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னார்.

4

குத்தகைக் காலம் முடிந்திருந்தது; சட்டம் உரிமையாளர் பக்கம். தீர்ப்பும் அப்படியே. காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவர் கையில்

வேண்டாம். நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன்.

(இந்த ஆளை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. வாய்தா போட்டே ஓய்வு பெற்றிருக்கலாம். அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.)

5

வழியனுப்பு விழாவுக்கு மறுநாள் காலை நீதிபதி கடை வாசலில் போய் நின்றார்.

“உக்காரலாமா?”

முடிதிருத்துபவர் நாற்காலியைத் தட்டினார். “அவகாசம் இருக்கே. உக்காருங்க.”

ஒரு முடிவில் இருவரையும் கட்டிக்கொண்டு அழவைத்தேன், சகிக்கவில்லை. இன்னொன்றில் சவரக்கத்தி கழுத்தருகே தயங்கியது, மலிவு. மன்னித்தாரா இல்லையா, தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் சாட்சியம் ஒன்றே ஒன்று: கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போது, இறுகிவிடாமல் இருக்க, முடிதிருத்துபவர் தன் விரல் ஒன்றை உள்ளே வைத்துக் கட்டினார்.