சத்து மாத்திரை

தம்பியின் உடலுக்கு உடுத்தச் சட்டை தேடிய அக்கா நீலச் சட்டையின் பைக்குள் கை விட்டபோது மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. பத்தில் ஆறு காலி. மருந்துக் கடையில் இருபது வருடமாக நிற்பவள், பெயரைப் படிக்கவே வேண்டியதில்லை. இதயத்துக்கானது. "சத்து மாத்திரைக்கா" என்று அவள் எதிரிலேயே இதைத்தான் விழுங்கியிருக்கிறான்.

கூடத்தில் அவன் மனைவி துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு."

அக்காவுக்கு அந்தத் 'திடீர்' தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஆய்வக இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. அப்பா மாரடைப்பில் போன மறுவருடம், நாற்பது வயதில், கணினிவழி உயிரியல் முதுகலையில் பகுதிநேரமாக ஆன்லைனில் சேர்ந்தான். இவள் அறைக்குள் போனால் மடிக்கணினியை மூடிவிடுவான். ஒருநாள் சின்னக் குப்பியை நீட்டி, "இதுல துப்புக்கா, பாடத்துக்கு வேணும்" என்றான். பாடத்துக்கென்றால் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும்? அன்றைக்கே உறுத்தியது.

கூடப் படித்தவள் என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவனைத் திரையில் மட்டுமே பார்த்தவள், கூடப் பிறந்தவளைப் போல அழுதாள். அக்காவின் கண்ணை மட்டும் தவிர்த்தாள். முகம் கழுவ எழுந்துபோனவளை அக்கா குழாயடியில் மடக்கி அட்டையைக் காட்டினாள்.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியும். என் எச்சில்ல என்ன பாத்தீங்க ரெண்டு பேரும்?"

அந்தப் பெண் குழாயை மூடினாள். "மரபணுவைப் பாத்தோம். உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நம்பாம மூணு தடவை சோதிச்சுப் பாத்தாரு. அவரு சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கு ஒருநாள்தான்."

"அவனுக்கு?"

அந்தப் பெண் மூடிய குழாயை இன்னும் இறுக்கினாள்.

"எங்கப்பாவுக்கு வந்ததா?"

ஆமென்று தலையசைத்தாள். "உங்க பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, சோதிச்சுப் பாத்துடுங்கன்னு அவருகிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டா கேமராவை அணைச்சிடுவாரு. வீட்டுல சொல்லலைக்கா. உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

அவள் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றாள். தம்பி மகள் சீப்போடு வந்தாள். பதினொரு வயது.

"அம்மா உங்ககிட்ட தலை பின்னிக்கச் சொன்னாங்க அத்தை."

அவளைத் திருப்பி நிறுத்தி, முடியை முன்பக்கம் ஒதுக்கிவிட்டு, முதுகில் காதை வைத்தாள்.

"என்ன பண்றீங்க அத்தை?"

"சிக்கு இருக்கு. ஆடாம நில்லு."